குதிரைக்குப் பக்கத்தில் நின்றவள்

9 ஜூன் 2025, திங்கள்

இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் உடற்கல்வித் துறைக்கு இவர் நான்காவது இயக்குநர். முந்தைய மூன்று பேருக்கும் பிரிவுபசார விழாவில் மாலை போட்டு, பேசிச் சிரிக்க வைத்து அனுப்பியவள் நான். முனைவர் அருள்செல்வனுக்கு நாற்பத்திரண்டு வயது, தொந்தி இல்லை. எங்கள் துறையில் அது அபூர்வம்.

"மேடம், யுனிவர்சிட்டி பொன்விழா மலர் போடறாங்க. ஒவ்வொரு அணிக்கும் ரெண்டு பக்கம் வரலாறு. பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணின்னு ஒண்ணு இருந்துச்சாமே?"

"இருந்துச்சு சார்."

"அதுல நீங்களே இருந்தீங்கன்னு கேன்டீன்ல சொல்றாங்க."

சொல்லிவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. எண்பத்தோரு கிலோ. இன்று காலை அலமாரியின் மேல்தட்டிலிருந்து பேரேடு எடுக்க நாற்காலியில் ஏறினேன். இறக்கிவிட இரண்டு பேர் வந்தார்கள்.

"சிரிக்கிற மாதிரி எழுதுங்க மேடம். உங்களுக்குத்தான் அது வரும்."

சரி என்றேன். என் பெயர் மங்களேஸ்வரி. எல்லோரும் மங்களம் என்பார்கள். அந்த அணிக்கு மங்களம் பாடியவளே அதன் வரலாற்றையும் எழுதுவது பொருத்தம்தான்.

வரும் வழியில் சின்ன வெங்காயம், கறிவேப்பிலை. குக்கருக்கு கேஸ்கட் வாங்க மறந்துவிட்டேன்.

11 ஜூன், புதன்

பழைய தாள்களைப் புரட்டினேன். அணி 1978இல் ஒன்பது பெண்களுடன் தொடங்கியது. அவர்களில் நான்கு பேர் வீட்டில் கோ-கோ என்று சொல்லிவிட்டு வந்தவர்கள். சீருடை: அரைக்கைச் சட்டை, பைஜாமா, பெற்றோர் மன அமைதிக்காக அதன் மேல் ஒரு பாவாடை. கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றால் பாவாடை முகத்தை மூடிக்கொள்ளும். அப்படிக் கண் தெரியாமல் நடந்து ஒரு பெண் சுவரில் போய் முட்டினாள். அவள் இப்போது ஒரு கல்லூரியில் முதல்வர். பெயர் போடலாமா என்று யோசிக்கிறேன். போடலாம்.

பயிற்சிக் கூடம் முன்பு விடைத்தாள் கிடங்காக இருந்தது. தரையில் தேங்காய் நார் அடைத்த மெத்தை. கைக்குப் பூச வகுப்பறைச் சாக்பீஸை இடித்துக்கொள்வோம். 1983இல் தென்மண்டலப் போட்டியில் மூன்றாம் இடம். வந்ததே மூன்று அணிகள்தான் என்பதை எழுதப் போவதில்லை.

ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் முடிந்தது. இப்படியே போனால் வெள்ளிக்கிழமை கொடுத்துவிடலாம்.

17 ஜூன், செவ்வாய்

அணியின் 1991ஆம் வருஷத்துக் கோப்பு காணவில்லை. கரையான்.

20 ஜூன், வெள்ளி

லூர்து சாரைப் பற்றி எழுத வேண்டும். லூர்துசாமி எங்கள் பயிற்சியாளர். இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஒல்லி, கண்டிப்பு, வருஷம் முழுக்க ஒரே கான்வாஸ் ஷூ.

அவர் விசில் ஊதமாட்டார். பக்கத்து மைதானத்தில் கோ-கோக்காரர்கள் ஓயாமல் ஊதிக்கொண்டிருந்ததால் எது யாருக்கான விசில் என்று தெரியாது. அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். குதிரை என்று நாங்கள் சொல்வது, தோல் போர்த்திய, நாலு கால் மரத்திண்டு. ஒருத்தி தூரத்திலிருந்து ஓடி வந்து, பலகையில் மிதித்து எழும்பி, குதிரை மேல் கை ஊன்றிக் காற்றில் புரள்வாள். அவள் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட குதிரைக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்பாள். நிற்பவள் தயாரானதும் "வா" என்பாள். அந்தச் சொல் காதில் விழாமல் ஓடக் கூடாது. விழுந்தால் யோசிக்கக் கூடாது. "தயங்கி ஓடுறவதான் கழுத்த ஒடச்சிக்குவா" என்பார் சார்.

ஆகவே கூடத்துக்குள் வேறு எதற்கும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நாங்கள் அதற்குப் பதிலாக "எழுந்தருளுக" என்று பழகிக்கொண்டோம். கடைசியில் அது விடுதிச் சாப்பாட்டுக் கூடம் வரை தொற்றிவிட்டது. "தவமணி, எழுந்தருளுக, ரசம் ஆறுது." நாங்கள் சாமியைக் கிண்டல் செய்கிறோம் என்று வார்டன் புகார் எழுதிக் கொடுத்தார்.

ஒரு நாயும் இருந்தது. பிஸ்கட் நிறம், பின்னங்கால் நொண்டி. பக்கவாட்டுக் கதவருகே உட்கார்ந்து பயிற்சியைப் பார்க்கும். யாராவது கோணலாக இறங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதற்கு நடுவர் என்று பெயர் வைத்தோம். நான் இரவுச் சாப்பாட்டுச் சப்பாத்தியில் ஒன்றை மறுநாள் அதற்குக் கொண்டுபோவேன். பயிற்சி நேரத்தில் நாயோடு விளையாடுவதற்காக சார் என்னை இரண்டு முறை வெளியே நிறுத்தியிருக்கிறார்.

நடுவரைக் கூப்பிடுவதும் "எழுந்தருளுக" என்றுதான். எப்போதும். அநேகமாக எப்போதும்.

26 ஜூன், வியாழன்

இயக்குநரிடம் புகைப்படம் ஒன்று கொடுத்தேன். 1990 கடைசி அணி. ஆறு பேர். கடைசியில் நான், ஐம்பது கிலோ, பக்கத்தில் நிற்பவள் தலைக்குப் பின்னால் இரண்டு விரலால் கொம்பு வைத்துக்கொண்டு.

"யாரு மேடம் இந்தக் கொம்பு முளைச்சவங்க?"

"கு. தவமணி. துறையூர்."

"நல்லா பண்ணுவாங்களா?"

"எங்க ஆறு பேர்ல ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ணினவ அவ ஒருத்திதான் சார். நாங்கள்லாம் விழறதுக்கு வந்தவங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவருக்கு உறைக்க நியாயமில்லை, சிரித்தார்.

"அவங்கள நேர்ல பார்த்து நாலு வரி வாங்கிட்டு வந்துருங்க. மலருக்கு உயிர் வரும்."

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீர் ஒழுகுகிறது.

5 ஜூலை, சனி

சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டி ஏறினேன். ஒன்றேகால் மணி நேரப் பயணத்துக்கு முப்பத்து நான்கு வருஷம் பிடித்திருக்கிறது. ஜனவரியில் தவறாமல் பல்கலைக்கழக நாட்காட்டி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அதுவும் ஒரு தொடர்புதானே.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தெரு. வாசலில் படிக்குப் பதில் சரிவு போட்டிருந்தார்கள். ஒரு படி மட்டும் பக்கத்தில், விருந்தாளிக்கு.

"யாரு?"

"மங்களம்."

"யாருன்னீங்க?"

"மங்களம்டி."

சக்கர நாற்காலி திரும்பியது. தலை முழுக்க நரை. தோள்கள் மட்டும் அப்போது போலவே அகலம்.

"இன்னொரு தடவ சொல்லு."

"மங்களேஸ்வரி, தந்தை பெயர் சுப்பையா, வயது அம்பத்து நாலு, எடை சொல்ல மாட்டேன்."

சிரித்தாள். அப்பாடா என்று இருந்தது. சிரிக்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கணக்கு டியூஷன் எடுக்கிறாள். அண்ணன் மகள் சுகன்யா கூட இருக்கிறாள், பள்ளி ஆசிரியை. கூடத்தில் பத்துப் பிள்ளைகள். ஒரு பெண் விடை சொன்னாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள் தவமணி. அவள் சொன்னாள். அடுத்தவனையும் அப்படியே. இரண்டாம் முறை சொல்லும்போது பிள்ளைகள் ராகம் போட்டார்கள். பழகிவிட்டது போல.

அடுப்படியில் சுகன்யாவிடம் மெதுவாக, "காது மந்தமா? எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார்" என்றேன்.

"காது நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. மூணு டாக்டர் பாத்தாச்சு. அத்தைக்குத்தான் நம்பிக்கை இல்ல."

"டாக்டர் மேலயா?"

"காது மேல."

உளுந்து வடை சுட்டிருந்தாள். இரண்டு சாப்பிட்டேன்.

பிள்ளைகள் போன பிறகு மலர் விஷயத்தைச் சொன்னேன். தவமணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைப் பத்தி என்ன எழுதப் போற? யாரும் கூப்பிடாம தானா ஓடுனேன்னா?"

"அதெல்லாம் வேண்டாம்டி. சிரிக்கிற மாதிரி ரெண்டு பக்கம்."

"எழுதுனா எழுது. அதுதானே ரிப்போர்ட்ல இருக்கு." நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "ஆனா எனக்குக் கேட்டுச்சு மங்களம். 'வா'ன்னு. இப்ப நீ பேசறது எப்படிக் கேக்குதோ அப்படி. அஞ்சு பேரும் யாரும் சொல்லலன்னு கையெழுத்துப் போட்டீங்க. அஞ்சு பேரும் பொய் சொல்வீங்களா? அப்ப என் காதுதான் பொய். எங்கம்மா என்னைத் தூக்கிட்டுப் போயி வேப்பிலை அடிச்சாங்க. என்னைக் கூப்பிட்டது எதுன்னு சாகற வரைக்கும் தேடிட்டுத்தான் இருந்தாங்க."

நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை உருட்டிக்கொண்டு வந்து, "போயிட்டு வா" என்றாள். படியில் கால் இடறியது. முட்டி வலி அதிகமாகிவிட்டது, எண்ணெய் தேய்க்க வேண்டும்.

6 ஜூலை, ஞாயிறு

தோசை மாவு அரைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

14 ஜூலை, திங்கள்

கட்டுரை முடிந்தது. பாவாடை, சாக்பீஸ், எழுந்தருளுக எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. கடைசி வரி: "மாணவியரிடையே ஆர்வம் குறைந்ததால் 1991இல் அணி கலைக்கப்பட்டது." தட்டச்சு செய்து இரண்டு முறை படித்தேன். பிறகு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இயக்குநர் கேட்டதற்கு, பிழை திருத்துகிறேன் என்றேன்.

வீட்டுக்காரர் பேசாத மனிதர். இன்று சாப்பிடும்போது அவராகவே, "நாலஞ்சு நாளா யாரையும் கிண்டல் பண்ணலியே, உடம்பு சரியில்லையா?" என்றார்.

22 ஜூலை, செவ்வாய்

கரையான் என்று எழுதியது பொய். கரையான் பாவம்.

கோப்பு என் பீரோவில் இருக்கிறது, பட்டுப்புடவைகளுக்கு அடியில். 1998இல் அலுவலகம் இடம் மாறியபோது பையில் போட்டுக்கொண்டு வந்தேன். யாரும் கேட்கவில்லை. கேட்டால் தேடிக் கொடுக்க வேண்டியவளும் நான்தானே.

விசாரணை அறிக்கையில் இருப்பது: "செல்வி கு. தவமணி, உடன் நின்றவரின் அழைப்பு இன்றித் தன்னிச்சையாக ஓடியதே விபத்துக்குக் காரணம்." கீழே ஐந்து கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. அந்தக் காலத்தில் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்து அதில் இரண்டு புள்ளி வைப்பேன். அதையும் விடாமல் வைத்திருக்கிறேன்.

எழுதிவிடலாம். இந்த டைரியை யார் படிக்கப் போகிறார்கள்.

1991 ஜனவரி 23, சாயங்காலம். லூர்து சார் பயணக் கடிதத்தில் கையெழுத்து வாங்கப் போயிருந்தார். மற்ற நால்வரும் கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தார்கள். நான் குதிரைக்குப் பக்கத்தில். தவமணி ஓடும் கோட்டின் முனையில், தலையைக் குனிந்து கையில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஓடுவதற்கு முன் அவள் யாரையும் பார்க்க மாட்டாள். கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு காதைத் தீட்டி நிற்பாள்.

பக்கவாட்டுக் கதவில் நடுவர் வந்து நின்றது. நாலு நாளாகக் காணாமல் போயிருந்த நாய். எங்கோ அடிபட்டுச் செத்துவிட்டதென்று நினைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. குதிரையை விட்டு நாலு எட்டு வைத்துக் கதவுப் பக்கம் போய், கை நீட்டி, "வா" என்றேன்.

பின்னால் ஓடும் சத்தம் கேட்டது. தயங்காத ஓட்டம். பலகை அதிர்ந்தது. நான் திரும்பியபோது அவள் காற்றில் இருந்தாள். அவ்வளவு அழகாக அவள் எழும்பி நான் பார்த்ததே இல்லை. பிடிக்க ஆள் இருக்கிறாள் என்று நம்பி எழும்பியது அது.

மற்ற நால்வருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.

லூர்து சார் ராஜினாமா செய்தார். அணி போயிற்று. ஒரு வருஷம் கழித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு இந்தத் துறையிலேயே வேலை கிடைத்தது.

2 ஆகஸ்ட், சனி

துறையூர். பிள்ளைகள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். சுகன்யா கடைக்குப் போயிருந்தாள். தவமணி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பேருந்தில் வரும்போது மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், மூன்றும் மறந்துவிட்டன.

"தவமணி, உன் காது சரியாத்தான் இருக்கு."

"என்ன சொன்ன?"

"அன்னிக்கு 'வா'ன்னு கேட்டுச்சுன்னியே. கேட்டது நிஜம். நான்தான் சொன்னேன்."

பேனாவை மூடினாள். "இன்னொரு தடவ சொல்லு."

சொன்னேன்.

"என்னையா கூப்பிட்ட?"

"இல்ல."

"பின்ன யார?"

"நடுவரை."

அவளுக்குப் பிடிபடச் சிறிது நேரம் ஆயிற்று. "நாயையா?"

"நாயைத்தான்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவள் சிரித்துவிடுவாள் என்று என்னுள் ஏதோ ஒன்று காத்திருந்தது. இத்தனை வருஷம் அதையே தொழிலாகச் செய்தவள் அல்லவா.

"விசாரணைல ஏன் சொல்லல?"

"பயம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் அதுதான்."

"ஆஸ்பத்திரிக்கு வந்த. ஆரஞ்சு உரிச்சுக் குடுத்த. அப்ப உங்கிட்டயே கேட்டேன், நீ சொன்னியாடின்னு. என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லு."

"'உன் காதுல எறும்பு பூந்திருச்சு'ன்னேன்."

"நான் சிரிச்சேன்" என்றாள் தவமணி. "ஆறு மாசம் அந்தக் கட்டில்ல கெடந்ததுல அன்னிக்கு ஒரு நாள்தான் சிரிச்சேன். வந்தவங்க போனவங்ககிட்டல்லாம் சொன்னேன், மங்களம் எப்படிப் பேசறா பாருங்கன்னு."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. தன் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள், தோடு இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. சுவரில் நான் அனுப்பிய நாட்காட்டி மாட்டியிருந்தது. ஆகஸ்டு மாதத்துக்குத் தாள் கிழித்தாயிற்று.

"பசங்க வர்ற நேரம்" என்றாள்.

எழுந்தேன். செருப்பு மாட்டும்போது உள்ளேயிருந்தே ஒரு சொல் சொன்னாள். மீதி வரும் என்று படியில் நின்றேன். பால்காரரைக்கூட "போயிட்டு வா" என்றுதான் அனுப்புவோம். பாதியோடு நிறுத்துகிற வழக்கம் நம்மிடம் இல்லை.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"போன்னேன்."

4 ஆகஸ்ட், திங்கள்

கட்டுரையின் கடைசி வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். பதினான்கு வரி. கோப்பையும் சேர்த்து இயக்குநர் மேசையில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"மேடம், இது சிரிக்கிற மாதிரி இல்லியே."

"இல்ல சார்."

"உங்களுக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"தெரியும் சார்."

"இந்த ஃபைல நான் பாக்கல. நீங்க வீட்டுக்கே கொண்டு போயிருங்க."

"வீட்ல இடம் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோப்பு அவர் மேசையிலேயே இருக்கிறது.

கட்டுரையின் இன்னொரு பிரதியைத் துறையூருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டையோடு.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஒப்புகை அட்டை வந்தது. கையெழுத்து: கு. தவமணி. அந்த 'கு'வில் இன்னும் அதே சுழி. கடிதம் எதுவும் இல்லை.

19 செப்டம்பர், வெள்ளி

மலர் வந்துவிட்டது. நல்ல கனம், நல்ல தாள். கபடிக்கு நான்கு பக்கம், இறகுப் பந்துக்கு மூன்று. எங்களைப் பற்றிப் பின்னிணைப்பில் ஒரு வரி: "ஜிம்னாஸ்டிக்ஸ் (பெண்கள்), 1978–1991. தற்போது செயல்பாட்டில் இல்லை." புகைப்படம் இல்லை, பாவாடைக் கதையும் இல்லை. முட்டி மோதிய முதல்வரம்மாவுக்கு நல்ல காலம்.

கோப்பு எங்கே என்று கேட்டேன். "எந்த ஃபைல் மேடம்?" என்றார் இயக்குநர்.

மற்ற நால்வரின் முகவரி என்னிடம் இருக்கிறது. அந்தப் பதினான்கு வரியை அவர்களுக்கும் அனுப்பினேன். ஒருத்தி மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்ப எதுக்குடி இதெல்லாம்?" என்றாள்.

28 செப்டம்பர், ஞாயிறு

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சுகன்யாவிடமிருந்து அழைப்பு.

"அத்தை சொல்லச் சொல்லல ஆன்ட்டி. நானாத்தான் பேசறேன். நீங்க வந்துட்டுப் போனப்புறம் பத்து நாள் சரியாவே சாப்பிடல. உங்க மேல எனக்குக் கோவம்தான்."

"இருக்கட்டும்மா."

"ஆனா ஒண்ணு. இப்பல்லாம் யாரு என்ன சொன்னாலும் ஒரு தடவதான் கேக்கறாங்க. பசங்க விடை சொன்னா சரின்னு அடுத்த கணக்குக்குப் போயிடறாங்க. நேத்து ஒருத்தன் பழக்கத்துல ரெண்டாவது தடவ சொன்னான். 'எனக்குக் கேட்டுச்சுடா'ன்னாங்க."

கத்தியைக் கீழே வைத்தேன். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"இல்ல ஆன்ட்டி."

சரி என்றேன். நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. போனில் அந்த வீட்டுச் சத்தம் கேட்டது. பாத்திரம், மின்விசிறி, வாசலில் ஏதோ ஒரு பிள்ளை, "டீச்சர், வரலாமா?" உள்ளேயிருந்து தவமணியின் குரல், தெளிவாக, ஒரே ஒரு முறை.

"வா."

எனக்கில்லை என்று தெரியும். இருந்தும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.